செல்வி அக்காவின் கை நடுங்கவில்லை

கோலா தெர்லா மலைப்பாதையில் நான் ஓட்டிவந்த லோரி நெரிசலில் நின்றிருந்தபோது செல்வி அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க."

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாரம் ஆறு நாள் கொழுந்து பறித்தவர் அவர். ஞாயிறுகளில் பகுதிநேரப் படையின் சீருடையில் ரைபிளோடு படுத்திருப்பார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்த நான், அவர் பக்கத்தில் தொலைநோக்கியோடு கிடந்து காற்றைச் சொல்பவன்.

குண்டு நேராகத்தானே போகும் என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். அக்கா சிரித்தார். "பறக்கிற நேரம் பூரா காத்து தள்ளிக்கிட்டே இருக்கும்லா. தூரம் கூடுனா இன்னும் தள்ளிடும்." வேலையின் நடுவிலும் எதிர்ச் சரிவில் பறிக்கும் பெண்களின் தலைத்துணி பறப்பதைப் பார்த்து, எத்தனை சாண் தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் எனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு, மாநிலத் துப்பாக்கிசுடும் அணிக்கான தேர்வு. கடைசிக் குண்டு குறியில் விழுந்தால் அணியில் இடம். "காத்து என்ன?" என்றார். மருந்தடிக்கும் முன் செய்கிற பழக்கத்தில் புல்லைக் கிள்ளிக் கீழே விட்டேன். நேராக விழுந்தது. "காத்தே இல்லக்கா."

மருந்தடிக்க, நிற்கும் இடத்துக் காற்று தெரிந்தால் போதும். அன்று நாங்கள் மண்மேட்டு மறைவில் படுத்திருந்தோம். முன்னால் பள்ளத்தில் காற்று குறுக்கே வீசிக்கொண்டிருந்தது. அதைத் தொலைநோக்கியில் பார்த்திருக்க வேண்டியவன் நான். என்னை நம்பிச் சுட்டார். குண்டு வலப்பக்கம் விலகிப் போனது.

அதிகாரி காரணம் கேட்டார். "என் குண்டு, என் தப்பு சார்," என்றார் அக்கா. திரும்பும் வழியில் பிரிஞ்சாங் கடைத்தெருவில் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, "அடுத்த வாட்டி நடுப்பள்ளத்தப் பாரு தம்பி," என்றார். அவ்வளவுதான். அந்த அடுத்த வாட்டி அவருக்கு வரவே இல்லை. தோட்டத்து லைன் வீடுகளில் மட்டும், கடைசி நேரத்தில் அவருக்குக் கை நடுங்கிவிட்டது என்ற பேச்சு நிலைத்துவிட்டது. அவர் மறுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம், வேறென்ன?

நேற்று இறுதிச் சடங்கில் பழைய கங்காணி ஒருவர், "நல்ல மனுசி. அன்னிக்குக் கை மட்டும் நடுங்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்தேன்.

"நடுங்கல. காத்தத் தப்பாச் சொன்னது நான்தான்."

பெட்டியின் அருகே நின்ற மகள் என்னையே பார்த்தாள்.

"அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம் மாமா."

சொல்லியிருக்கலாம். போய் வாருங்கள், அக்கா.