கேட்டாங்க, குடுத்தேன்

அரிசி டப்பாமேல் செல்போனைச் சாய்த்து வைத்து, "வணக்கங்க, இன்னைக்கு வாழைப்பூ வடை" என்று அண்ணி சிரித்த அந்த முதல் நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குமுன் வலைப்பூவில் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். படிக்க ஆளில்லை. வீடியோ போட ஆரம்பித்ததும் ஸ்ரீரங்கமே அவரைத் தெரிந்துகொண்டது. காய்கறிக் கடையில், "நேத்து ரசம் நல்லா வந்துச்சுக்கா" என்று யாராவது சொல்வார்கள். திருச்சி மசாலாக் கம்பெனி ஒன்று தன் பாக்கெட்டைக் கையில் பிடித்துப் பேசச் சொன்னது. வீட்டுக்குள்ளேயே இருந்தவருக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டதாக நான் மகிழ்ந்தேன். அந்த முகத்தை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தேர்தல் வந்தது. உச்சி வெயிலில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், வாசலில் நின்ற அண்ணியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தார். குடித்துவிட்டு, "நம்ம தங்கச்சி" என்று அண்ணி பக்கத்தில் வந்து நிற்க, கூட வந்தவர்கள் படமெடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்றில் அந்தப் படம் வந்துவிட்டது. அண்ணி அந்தக் கட்சியை ஆதரிப்பதாகத் தலைப்பு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

வடை வீடியோவுக்குக் கீழே எதிர்க் கட்சிக்காரர்களின் வசைகள் குவிந்தன. மசாலாக் கம்பெனிக்காரர், "நமக்கு எல்லாக் கட்சிக்காரங்களும் வேணுங்க, கொஞ்ச நாளைக்கு நம்ம பாக்கெட்டைக் காட்ட வேண்டாம்" என்றார். மறுத்து வீடியோவில் பேசச் சொன்னான் அண்ணன். வேட்பாளரின் ஆட்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள். தயங்கித் தயங்கித்தான் அண்ணி பேசினார். "தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். நான் எந்தக் கட்சியும் இல்லைங்க."

மறுநாள் அதிலிருந்து "கேட்டாங்க, குடுத்தேன்" என்பதை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு, 'என் ஓட்டு' என்று எழுதிச் சுற்றவிட்டார்கள். அண்ணி பேசிய முழு வீடியோவை யாரும் பார்க்கவில்லை. மனம் வெறுத்துச் சேனலையே அழித்தார். ஒரு தரப்பு, பயந்து ஓடிவிட்டார் என்றது. இன்னொரு தரப்பு, மிரட்டி அழிக்க வைத்தார்கள் என்றது. இரண்டுக்கும் அவர் படத்தைத்தான் போட்டார்கள்.

"கதவைச் சாத்தினா திமிருங்கறாங்க, திறந்தா போட்டோ எடுக்கறாங்க. நான் எங்கதான் நிக்கிறது, சொல்லு" என்று என்னிடம் கேட்டார். அந்த வருடம் முழுக்க வாசலில் கோலம் போட்டது நான்தான்.

தேர்தலில் அந்த வேட்பாளர் தோற்றார். அந்தச் செய்திப் பக்கமும் அதோடு எங்களை மறந்துவிட்டது. ஆனால் வெட்டிய துண்டு மட்டும் யார் யாருடைய போனிலோ இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக நானும் அண்ணியும் லால்குடிக்குப் பஸ்ஸில் போனோம். முன்சீட்டுப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தக் கட்சி அக்காதானே?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "ஆமாங்க" என்றார். அந்தப் பெண் திருப்தியோடு திரும்பிக்கொண்டார்.

"ஏன் அண்ணி?" என்றேன்.

"இல்லைன்னா ஏன்னு கேப்பாங்க. ஆமான்னா விட்டுடறாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.