இரண்டாவது காது

பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தில் அப்போது எனக்கு ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. முதலில் டாக்டர்களின் குரல், பிறகு அமெரிக்கப் போலீஸ்காரர்களின் குரல். அவர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த கருவியில் பதிவான பேச்சு, தேதி வரிசை இல்லாமல் துண்டு துண்டாக வரும். டாக்டர் இங்கிலீஷுக்கு அகராதி உண்டு. போலீஸ் இங்கிலீஷுக்கு என் பக்கத்து நாற்காலிப் பெண்தான் அகராதி. செகந்திராபாத் தமிழ்ப் பெண். வயதில் என்னைவிட இளையவள், வேலையில் மூத்தவள்.

'நோ பேப்பர்' என்றால் கேஸ் எழுத வேண்டாம். 'டி.ஓ.ஏ.' என்றால் போய்ச் சேரும்போதே உயிர் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகப் பிடிபட்டது.

ஒருநாள் காலையில் வந்த பதிவில், சலவைக் கடைக்கு மேல்மாடி வீட்டில் ஒரு பெண்; டி.ஓ.ஏ. அதை அடித்து அனுப்பிவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டேன். திரும்பி வந்து திறந்த பதிவில் அதே சலவைக் கடை, அதே மாடி. அந்தப் பெண் கதவைத் திறந்து பேசினாள். தேதி, காலையில் அடித்த பதிவுக்கு முந்தைய நாளுடையது. போலீஸ்காரர் தன் கூட்டாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர்னா என்ன?"

"சும்மா சும்மா போலீஸுக்கு போன் போடற பார்ட்டி, அக்கா. அடிக்கடி பிளேன் ஏர்றவங்க மாதிரியாம். நக்கலப் பாருங்க."

நாய் குரைத்தது, வயர்லெஸ் இரைந்தது. அவற்றுக்கு அடியில் அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். நோ பேப்பர் என்றார் அவர். பதிவு முடிந்தது.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். கொச்சை எதுவும் இல்லாத சாதாரண இங்கிலீஷ்.

"அவன்கிட்ட இன்னும் சாவி இருக்குன்னு சொல்றா!"

காதில் ஹெட்போன் இருந்ததால் கத்திவிட்டேன். வரிசையில் எல்லாரும் திரும்பினார்கள்.

தெளிவில்லாத இடத்தில் இரண்டாவது ஆள் கேட்க வேண்டும், முதல் ஆள் காதில் என்ன விழுந்தது என்று தெரியாமல் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. இரண்டும் ஒத்துப்போனால்தான் அடிக்கலாம்.

பக்கத்து நாற்காலிப் பெண் என் ஹெட்போனை வாங்கிக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"நாய்தான் கேக்குது அக்கா. நீங்க சொன்னப்புறம் சாவி மாதிரியும் இருக்கு. ஆனா இனிமே நான் சொன்னா செல்லாதே."

"வேற யாராவது?"

"யாரு இருக்கா? ஊருக்கே கேட்ட மாதிரி கத்தினீங்க. விடுங்க, எதுக்கு இவ்ளோ டென்ஷன்?"

"காலையில ஒண்ணு அடிச்சேனே, மேல்மாடி. அவதான் இவ."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

போலீஸ்காரரின் கேலியை ஓர் எழுத்து விடாமல் அடித்தேன். அந்தப் பெண் பேசிய இடத்தில் 'தெளிவில்லை' என்று போட்டேன். அதற்குக் கீழே, நோ பேப்பர். அனுப்பும் பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அமுக்குங்க அக்கா," என்றாள் அவள் மெதுவாக. "அடுத்தது வந்து நிக்குது."