முஜாஹித் கடை எலும்பு

ஆம்பூர் இரமுக்கு மூக்குமேல் கோபம் வரும். வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலும்பைத் தின்னும் செல்களை வளர்ப்பது அவள் வேலை. பிஞ்சாக இருக்கும்போது அந்தச் செல்கள் ஒருவகைப் புரதத்தால் வளர்ப்புத் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். முதிரவைக்கும் மருந்தை ஊற்றிச் சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் புரதம் ஏறக்குறைய முழுதும் காணாமல் போயிருந்தது.

"பிடியே இல்ல. செத்துட்டிருக்கும், கொட்டிடு," என்றாள் கூட வேலை செய்யும் ஜாஸ்மின்.

இரமுக்குச் சுருக்கென்றது. "சாவல. வளந்ததும் பழைய பிடிய விட்டுட்டு வேற பிடி பிடிக்குது. காட்றேன் இரு."

காட்டுவதற்கு எலும்பு வேண்டும். அவள் அண்ணன் முஜாஹித்துக்கு ஆம்பூரில் மாட்டுக்கறிக் கடை. கேட்டதும் ஒரு தொடையெலும்பைப் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்து, "சூப்புக்கா?" என்றார். அவள் அதை மெல்லிய சில்லாக அறுத்து, கொட்டச் சொன்ன அதே செல்களை அதன்மேல் விட்டாள்.

அடுத்த வாரம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்த ஜாஸ்மின் நிமிர வெகுநேரம் ஆனது. முதிர்ந்த செல்களின் ஓரத்தில் வேறொரு புரதம், ஏற்றிய சாயத்தில் பச்சை வளையமாக ஒளிர்ந்தது. செல்களைக் கழுவிவிட்டுப் பார்த்தபோது எலும்பு குழிகுழியாக அரிக்கப்பட்டிருந்தது.

"செத்தது தின்னுமா?" என்றாள் இரம்.

"தப்பு என்னுதுதான். இன்னும் எலும்பு கெடைக்குமா?"

இரம் உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். "பாய்ஜான், உங்க எலும்ப நல்லா தின்னிருக்கு. நான் ஜெயிச்சிட்டேன்."

மறுமுனையில் கறி வெட்டும் சத்தம் நின்றது. பிறகு கடையில் நின்றவர்களிடம் முஜாஹித் உரக்கச் சொல்வது கேட்டது.

"வேலூர்ல சயின்ஸே நம்ம கடை எலும்பத்தான் தின்னுது."