அம்மா வெட்டியெடுத்த படம்

"எழுத்து வாசிப்பில்லாத குடும்பத்துக்கு என்ன புள்ள வரலாறு?" என்று பெரியப்பா கேட்டது போன சித்திரை வருசப் பிறப்புக்கு. களுதாவளையில் அவர் வீட்டு விறாந்தையில், குடும்ப வரலாறு எழுதவென்று பழைய படங்களைப் பரப்பி வைத்திருந்தேன். கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்படியான கேள்விகள் பழகிவிட்டன.

அவர் சந்தேகப்பட்டது பத்திரிகையில் வந்த ஒரு வெள்ளப் படத்தை. இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர், ஆட்கள் நிறைந்த வள்ளத்தைத் தள்ளுகிறார்கள். தலைப்பாகைக்காரர் நம்மைப் பார்க்கிறார், ஆனால் அச்சில் முகம் கலங்கியிருக்கிறது. மற்றவரின் முதுகுதான் தெரிகிறது. சுற்றிலும் தண்ணீர், எந்த ஊர் என்று யார் சொல்வது? அந்த முதுகு என் அப்பாவுடையது என்பது அம்மாவின் கட்சி. நான் நடை பழகும் முன்னரே அப்பா இறந்துபோனார். அடையாள அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் முகத்தைத் தவிர எங்களிடம் வேறு படமில்லை. அதனால் அந்த முதுகு எனக்கு வேண்டியிருந்தது.

"முதுகு எல்லாருக்கும்தான் இரிக்கி" என்றார் பெரியப்பா.

"கட்டினவளுக்குத் தெரியாதா முதுகு?" என்றார் அம்மா. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனார்.

கீழே என்ன எழுதியிருந்தது என்று பார்க்கலாமென்றால், அம்மா எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அளவாக வெட்டியிருந்தார். எழுத்து அவருக்கு எதற்கு?

"மிச்சத்த என்னம்மா செஞ்ச?"

"நல்ல பேப்பர் புள்ள, எறியவா? பெட்டிக்கு விரிச்சன்."

வீட்டுக்கு வந்ததும் தகரப்பெட்டியைத் திறந்தேன். பூச்சியுருண்டை மணம். சின்ன வயதில் அந்த மணம் வந்தால் அமிர்தகழிக் கோயிலுக்குப் போகிறோம் என்று அர்த்தம். அங்கே நடக்கும் மாமாங்கத் தீர்த்தத் திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் சேலை ஒன்று அம்மாவிடம் உண்டு. அதன் அடியில் கிடந்தது அந்தத் தாள். எழுத்துக் கூட்டப் பழகிய நாட்களில் பெட்டிக்குள் தலையை விட்டு அதைத்தான் சத்தமாக வாசிப்பேன். நடுவிலிருந்த ஓட்டையைக் கரப்பானின் வேலை என்று நினைத்திருந்தேன். அவ்வளவு நேராக வெட்டும் கரப்பான்!

படத்தை ஓட்டையில் வைத்தேன். பொருந்தியது. கீழே இரண்டு வரி: எங்கள் ஊர் ஓடத்துறையின் பெயர், வெள்ளத்தில் அகப்பட்டவர்களை வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து ஏற்றிவந்த ஓடக்காரர்கள் என்று ஒரு குறிப்பு. ஆட்களின் பெயரைக் காணவில்லை.

பெரியப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"மறுகா ஒருக்கா வாசி புள்ள."

வாசித்தேன்.

"அந்தத் துறையில என்ட தம்பியையும் அவன்ட கூட்டாளியையும் விட்டா வேற ஆரு வள்ளம் விட்டது? கொப்பன்தான்."

படத்தின் பின்புறம் அப்பாவின் பெயரை என் கையெழுத்தில் எழுதினேன். பத்திரிகை விட்டதை நான் நிரப்பினேன்.

துறை இப்போது இல்லை. பாலம் வந்ததும் வள்ளங்கள் கரையேறின. ஆட்கள் காத்து நிற்கும் மருதமரமும் வீதியை அகலமாக்கியபோது போய்விட்டது. அக்கரையைப் பார்த்து "ஓடம்... ஓய்" என்று கூப்பிடும் குரலை இன்றைய பிள்ளைகள் கேட்டதில்லை. அப்பாவின் கூட்டாளியான அந்தத் தலைப்பாகைக்காரர் மட்டும் மாங்கேணியில் மகளோடு இருக்கிறாராம். அவரிடம் கேட்க எனக்கு நிறைய உண்டு. இதை மாங்கேணி வழியாகப் போகும் வாகரை பஸ்ஸில் இருந்துதான் எழுதுகிறேன். வாழைச்சேனை தாண்டியாயிற்று.