மாமனார் பேரில் ஒரு பஸ் டிக்கெட்

கஜா புயலில் சாய்ந்த பலாவுக்குப் பதிலாக வைத்த கன்று முதல் காய் விட்ட வருஷம் அது. ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர். அந்தக் காயை அணில் குடைந்தது தனிக் கதை.

மருமகள் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். பஸ் டிக்கெட் எடுக்கிற வெப்சைட் ஒன்றை, சனங்களுக்குத் திறந்துவிடும் முன் சரிபார்க்கிற வேலை. அவள் எழுதிவைத்தபடி கம்ப்யூட்டர் தானாகவே சைட்டைத் திறக்கும், பேரை அடிக்கும், சீட்டு பிடிக்கும், பணம் கட்டும், பிறகு கேன்சலும் செய்யும். அப்படி எழுதிவைப்பதற்கு ஸ்கிரிப்ட் என்று பேர். எனக்குப் படிப்பு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

பயணி பேர் கேட்கும் இடத்தில் அவள் என் பேரைப் போட்டிருந்தாள். எங்கள் பக்கம் மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்லமாட்டாள். எழுதினால் தப்பில்லை என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் சைட்டைத் திறக்க வேண்டும். காலையில் ஓடவிட்ட ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. மேலாளர் போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“எந்தப் பேர்ல நிக்குதும்மா?”

“எங்க மாமா பேர்லங்க சார்.”

“உங்க மாமா பேரு எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்க வீட்டு ரேஷன் கார்டா வச்சிருக்கேன்?”

அவள் என்னைப் பார்த்தாள். இருந்த இடத்திலிருந்தே என் பேரைச் சொன்னேன்.

“யாரும்மா அது?”

“அவுகதாங்க சார் அந்தப் பயணி.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார். “எல்லாத்தையும் ஒரே பேர்ல, ஒரே ஸ்கிரிப்ட்ல போட்டு வச்சிருக்க. சீட்டு பிடிக்கிறதுல கோளாறா, பணம் கட்டுறதுலயா, கேன்சல்லயா? சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். இல்லன்னா வீட்ல இருந்து பாக்குறது சரிப்படாது. ஆபீசுக்கே வந்துரும்மா.”

மகன் சிங்கப்பூரில். அவளோ கைக்குழந்தைக்காரி. சென்னைக்கு வா என்றால் வேலையை விடு என்றுதான் அர்த்தம்.

“என்ன தாயி பண்ணப்போற?”

“பிரிச்சுப் போட்டுத்தான் பாக்கணும் மாமா.”

ஒன்றை மூன்றாக்கினாள். சீட்டு பிடிக்க ஒன்று, பணம் கட்ட ஒன்று, கேன்சலுக்கு ஒன்று. ஒன்றின் சீட்டு இன்னொன்றுக்குக் கிடையாது. பேரும் வேறுவேறு. எல்லாம் கூடப் படித்த பெண்களுடைய பேர், வாயால் சொல்லக்கூடியவை.

“என்னைய எறக்கி விட்டுட்டியா?”

“காலையிலேருந்து ஒரே பஸ்ஸுல போயிட்டுப் போயிட்டு வாரீங்க. செத்த நேரம் ரெஸ்ட் எடுங்க மாமா.”

ஓடவிட்டாள். முதல் இரண்டும் முடிந்தன. கேன்சல் மட்டும் சிவப்பாக நின்றது. டிக்கெட்டை ரத்து செய்தாலும் சீட்டு காலியாகவில்லை. ஒன்றாகக் கிடந்தபோது, அடுத்த சுற்றில் அதே சீட்டை மறுபடி பிடிக்கப்போய், கோளாறு சீட்டு பிடிப்பதில் இருப்பதாகக் காட்டியிருக்கிறது. வெயில் இறங்கும் முன் மேலாளரிடம் கோளாறையும், அது நின்ற தோழி பேரையும் தயங்காமல் சொன்னாள். வேலை தப்பியது.

மரியாதைக்கென்று வைத்த வழக்கம், பிழைப்பு போகிற நேரத்திலும் அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். என் பேரைச் சொல்லலாம் என்று அன்றே சொல்லிவிட்டேன். அந்த அனுமதியை மாமனார்கள்தான் கொடுக்க முடியும். உங்களுக்குத் தெரிந்த மாமனார் யாராவது இருந்தால், இதை அவர் காதில் போட்டுவையுங்கள்.