மூடிய முகம்

கடற்றொழிலாளரைப் படமெடுத்துத் திரிந்தபோது, செட்டிபாளையம் கடற்கரையில் அந்த முதியவரைக் கண்டேன். உப்புப் பூத்த தாடி. வலையில் பட்ட கடலாமையை இறைச்சிக்காக வெட்டப்போனார். அது சட்டப்படி குற்றம்.

"பயப்படாதீங்க, உங்கட முகம் படத்தில விழாது" என்றேன்.

அவர் தலைத்துணியை அவிழ்த்து, கண்ணீர் வழிந்த ஆமையின் முகத்தை மூடினார்.

"நான் எப்பவும் மூடித்தான் வெட்டுவன். என்ட முகத்த எடுங்க மனே. அதுட முகம் வேணாம்."

"பொலிசு பார்த்தா?"

"பார்க்கட்டும். வெட்டுறவன் நான்தானே."

கமெராவை நேராகப் பார்த்துக்கொண்டே கத்தியை எடுத்தார்.

அந்தப் படத்தை நான் எங்கும் வெளியிடவில்லை. அவரைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தனியே அதைத் திறக்கும்போதும், அவர் கண்களை விரலால் மறைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.