தங்கையின் திங்கட்கிழமை

வளைகுடாவில், அல் குசைஸில் எங்கள் தெருமுனை கிளினிக்கில், பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று முதலில் கேட்பதில்லை. எந்த இன்சூரன்ஸ் நெட்வொர்க் என்றுதான் கேட்கிறார்கள். அடையாள அட்டையை இயந்திரத்தில் செருகித் திரையைப் பார்த்த பிறகே, வரவேற்பில் இருக்கும் பெண் என் மகள் யாழினியின் முகத்தைப் பார்ப்பாள். ஊரில் டோக்கன் வாங்கும்போதே கம்பவுண்டரிடம் நோயை ஒப்பித்துப் பழகிய எனக்கு, இத்தனை வருடம் கழித்தும் இது புதிதாகவே இருக்கிறது.

யாழினிக்கு ஆறு வயது. செப்டம்பரில் அவளுடைய ஆசிரியை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றார். பிடிவாதம் என்று நினைத்தோம். அக்டோபரில் காது மருத்துவர் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, சின்னக் குழாய் வைத்து வடிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பேச்சும் படிப்பும் பின்தங்கும் என்றார். அந்த மாதங்களில் அவள் விரும்பிப் பேசியது விருதுநகரில் இருக்கும் என் தங்கை செல்வியிடம் மட்டும்தான். செல்வி போனில் பேசினால் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் கேட்கும்.

அறுவை சிகிச்சைக்கான அப்ரூவல் கேட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பியது திருக்கார்த்திகை அன்று. தேதி குறித்து வைப்பது என் பழக்கம். பொங்கல் கழிந்து பதில் வந்தது: காது கேட்கும் கருவிக்குப் பாலிசியில் இடமில்லை. நாங்கள் கேட்டது கருவியே அல்ல. மருத்துவர் அவசியம் என்று எழுதித் தரும் அறுவைக்கு நிறுவனம் பொறுப்பு என்று பாலிசியில் தெளிவாக இருந்தது. விளக்கி மறுபடி அனுப்பினோம். அதே பதில் வந்தது.

அந்த வாரம்தான் செல்வி பேசினாள். அவள் மகன் கதிருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அரசுக் காப்பீட்டில் சேர்ந்திருந்த ஒரு தனியார் மருத்துவமனை, உள்காதுக் கருவி பொருத்த இந்த அட்டை செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"கலெக்டர் முன்னாடியே கத்திட்டேண்ணே. அட்டை குடுத்தது நீங்க, செல்லாதுங்கிறது ஆஸ்பத்திரிக்காரன், நான் யாரு கால்ல விழுகன்னு கேட்டேன். அங்கனயே போனைப் போட்டாரு. புதன்கிழமை வந்து சேருன்னுட்டான்."

"போலீஸ்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு போலீஸம்மா குடிக்கத் தண்ணி குடுத்துச்சு. நீயும் போய்ச் சத்தம் போட வேண்டியதுதான?"

"யார்கிட்டப் போட? இங்க புகாருக்குப் போன்ல ஒரு ஆப்தான் இருக்கு."

"ஏசி ஆஸ்பத்திரி வேற, ஆப்பு வேற. உனக்கென்னண்ணே."

சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்தேன். வயிறு எரிந்தது. பொறாமை பற்றி நான் படித்ததெல்லாம் பிறர் செல்வத்தைப் பார்த்துப் புழுங்குவது பற்றியே. இன்னொருவர் வாய்விட்டுக் கத்த முடிவதைப் பார்த்து, அதுவும் கூடப்பிறந்தவளைப் பார்த்துப் புழுங்குவதை எங்கும் படித்ததில்லை. அவளுக்கு ஒரு திங்கட்கிழமை இருந்தது. எனக்குத் திங்கள் டியூட்டி தொடங்கும் நாள். என் மகளின் இன்சூரன்ஸ், நான் வேலை செய்யும் கம்பெனி எடுத்துக் கொடுத்தது. என் விசாவும் கம்பெனியுடையது. நான் போடும் சத்தம் முதலில் கம்பெனியின் காதில் விழும் என்று பயந்தேன்.

ஆனாலும், இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மீதான புகாரை வாங்கும் அரசு அலுவலகத்துக்கு எழுதினேன். ஊரில் மனு எழுதும் முறைப்படியே எழுதினேன். மேன்மை தாங்கிய ஐயா என்று தொடங்கி, ஏழைத் தகப்பனின் கண்ணீரைத் துடைக்கும்படி தாழ்மையுடன் வேண்டி, மகளின் படத்தையும் இணைத்தேன். எல்லாம் ஆங்கிலத்தில்.

மறுநாள் இந்நாட்டுக்காரரான ஓர் எமிராட்டிப் பெண் அதிகாரி ஆங்கிலத்தில் அழைத்தார். "சகோதரரே, தர்ம உதவிக்கு வேறு அலுவலகம். எண் தரட்டுமா?"

"தர்மம் இல்லை மேடம். எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது."

"அப்படியானால் ஏன் கெஞ்சுகிறீர்கள்?"

"அது ஒரு மரியாதைக்கு, மேடம்."

"மரியாதை இருக்கட்டும். அது ஒப்பந்தம். அவர்கள் எந்தப் பிரிவை மீறினார்கள்? அதை மட்டும் எழுதுங்கள். ஹலாஸ், அவ்வளவுதான்."

அந்தக் குரலில் கோபமில்லை. சொந்த வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்கிறவரின் நிதானம் இருந்தது. அவர் மீதும் பொறாமைதான் வந்தது. தங்கை கெஞ்சவும் செய்தாள், மிரட்டவும் செய்தாள். இரண்டும் அவளுக்குச் செல்லுபடியாயின. இந்த அம்மாவுக்கு இரண்டுமே தேவையில்லை. கண்ணீரையெல்லாம் அழித்துவிட்டு, பிரிவின் எண்ணையும் அது சொல்வதையும் மட்டும் எழுதி அனுப்பினேன். கையெழுத்துக்கு மேலே நன்றி என்று கூடப் போடவில்லை. ஏதோ திட்டிவிட்டதுபோல் இருந்தது. ரமலான் பிறை தெரிவதற்கு முன் அப்ரூவல் வந்தது. கம்பெனியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று இன்னமும் எதிர்பார்க்கிறேன்.

யாழினிக்கு அறுவை முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை செல்வி வீடியோவில் வந்தாள். மடியில் கதிர், காதுக்குப் பின்னால் புதுக் கருவியோடு. "ஏ யாழினி, அத்தை பேசுறது கேக்குதாடி?" என்றாள். யாழினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, அத்தை ஏன் இவ்ளோ ஷௌட் பண்றாங்க?"

போனை வாங்கி ஒலியைக் குறைத்துவிட்டாள். கலெக்டர் வரை எட்டிய அந்தக் குரல் கிசுகிசுப்பாகச் சுருங்கியது. திரையில் செல்வி வாயசைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒலியைக் கூட்டினேன். யாழினி குறைத்தாள். மறுபடி கூட்டினேன்.